சனிக்கிழமை புதைத்த மோதிரம்

நண்பன் ரொசெந்தோவின் கல்யாண மோதிரம் விரலை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் கழுவும் சோப்புத் தண்ணீரில் அவன் கை ஊற ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கடைக்காரர் நிகானோர் உகால்தே ஒரு காலை மேசைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு இழுத்தார்.

"மெதுவாண்ணே! விரலும் சேந்து வந்துரும்!"

"பத்தொம்பது வருஷமா தின்னு தின்னு விரல இப்படி வளத்து வெச்சிருக்கியே! மூச்சை இழுத்துப் பிடி."

"மூச்சுக்கும் விரலுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? பிடின்னா பிடி."

மோதிரம் வந்தது. வந்த வேகத்தில் நிகானோர் பின்னால் போய், மூக்குக் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அலமாரியில் மோதி, அப்படியே உட்கார்ந்தார். ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு. எட்டு மாதத்தில் அவர் கைக்கு வந்த முதல் தங்கம் அது.

"அண்ணே, நல்லா கேட்டுக்குங்க" என்றான் ரொசெந்தோ, வெளுத்துப்போன விரலைத் தடவியபடி. "நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு என் பொஞ்சாதி மிர்த்தா வெராக்ரூஸ்ல இருந்து பஸ்ல வந்து இறங்குறா. இறங்கினதும் அவ முதல்ல பாக்கறது என் மூஞ்சிய இல்ல, இந்த விரலைத்தான்."

"மதியம் ஒரு மணிக்கு எடுத்துருவேன். ரெண்டு மணிக்கு உன் விரல்ல இருக்கும். நான் புதைச்சத நானே எடுக்க மாட்டேனா?"

இந்தக் கடைசிக் கேள்வியை நிகானோர் அவ்வளவு தைரியமாகக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஹியூஸ்டனில் இருக்கும் தம்பி, போன கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு மெட்டல் டிடெக்டரை அனுப்பி வைத்தான். அன்றைக்குப் பிடித்தது சனி. ஹலாப்பா தங்க வேட்டை நண்பர்கள் சங்கத்தில் நிகானோர் எட்டாவது உறுப்பினரானார். மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எட்டு பேரும் மக்னோலியா பூங்காவில் கூடி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புல்லைப் பெருக்குகிறவர்கள் மாதிரி மெஷினை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நடப்பார்கள்.

மற்ற ஏழு பேருக்கும் தங்கம் கிடைத்தது. ஒருவருக்குத் தோடு, இன்னொருவருக்கு அறுந்த சங்கிலி. சங்கத்தின் தலைவர் இஞ்சினியர் பல்தசார் ஒரோபேசாவுக்கோ வாரம் தவறினாலும் மோதிரம் தவறாது. நிகானோருக்குக் கிடைத்ததெல்லாம் சோடா டின்னைத் திறக்க இழுப்போமே, அந்த வளையம். தங்க மோதிரத்துக்கும் அந்த வளையத்துக்கும் மெஷின் ஒரே சத்தம்தான் போடும். அது யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும் என்று அவர் சமாதானம் சொல்லலாம். ஆனால் அது அவருக்கு மட்டுமே நடந்தது. அவருடைய மனைவி எலோய்சா வளையங்களையெல்லாம் ஒரு காலி மயோனீஸ் புட்டியில் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள். அந்தப் புட்டி நிரம்பி இரண்டாவது புட்டியும் பாதி ஆகிவிட்டது.

"காது வேணும் உகால்தே, காது!" என்பார் இஞ்சினியர், வெள்ளை மீசையை நீவிக்கொண்டு. "தங்கம் மண்ணுக்குள்ள இருந்து கூப்பிடும். கேக்கத் தெரியணும்."

எலோய்சா வேறு மாதிரி சொன்னாள். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடற. உன் காலடியில கிடக்கறது உனக்குத் தெரியல. அந்த இஞ்சினியரும் இதே புல்லு மேலதானய்யா நடக்கறாரு?"

சரி, கேலி அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் போன வாரம் அவள் சிரிக்காமல் சொன்னாள். "வர்ற ஞாயித்துக்கிழமை நானும் அக்காவும் சாப்பாடு கட்டிக்கிட்டு பூங்காவுக்கு வர்றோம். எங்க கண்ணு முன்னாடி ஒரு குண்டுமணி தங்கமாவது எடுத்துக் காட்டு. இல்லேன்னா திங்கக்கிழமை பழைய இரும்பு வண்டிக்காரன் கூவிக்கிட்டு வருவான்ல, அவன்கிட்ட மெஷின போட்டுருவேன்."

மெஷின் போனால் போகட்டும். அவள் சிரிக்காததுதான் நிகானோரை உறுத்தியது. இருபத்தாறு வருஷமாக அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குடித்தனம் நடத்திய பெண், இப்போது அவர் ஒன்றுக்கும் உதவாதவர் என்று நிஜமாகவே முடிவு கட்டிவிட்டாளோ என்று அவர் பயந்தார். ஒரே ஒரு தடவை, அவள் கண் எதிரே, தங்கம் எடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் ரொசெந்தோவின் விரல்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. ஊரே சாப்பாட்டில் இருக்கும் நேரம். நிகானோர் பெரிய மக்னோலியா மரத்தடியிலிருந்து இசை மண்டபத்தைப் பார்த்துப் பன்னிரண்டு அடி எண்ணி நடந்து, மண்டியிட்டு, நாலு விரல் ஆழத்தில் மோதிரத்தை வைத்து மூடிப் புல்லைத் தட்டிக்கொடுத்தார். நிமிர்ந்தால், ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான் தோட்டக்காரன் கிரிஸ்பின்.

"வணக்கம் ஐயா" என்று சொல்லிவிட்டு, மரியாதையாகக் குழாயோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்வதாக நினைத்துக்கொண்டான் போல, என்று நிகானோர் நெஞ்சில் ஒரு சிலுவையும் போட்டு வைத்தார். அந்தத் தந்திரத்தை எண்ணி வீடு வரைக்கும் தன்னையே மெச்சிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு எலோய்சாவும் அவள் அக்கா கசில்தாவும் தமால் கொழுக்கட்டைத் தூக்கோடு பின்தொடர, நிகானோர் மெஷினைத் தோளில் சாய்த்துக்கொண்டு ராணுவ வீரன் நடையில் பூங்காவுக்குள் நுழைந்தார். நுழைந்ததும் நடை நின்றது.

மக்னோலியா மரத்தைச் சுற்றிப் பெரிய வெள்ளைத் துணிப் பந்தல். ரோஜா நிறப் பலூன்கள். நூறு நாற்காலிகள். யாரோ வீட்டுப் பெண்ணுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் விழா; அந்த ஊரில் அதைக் கல்யாணம் மாதிரி நடத்துவார்கள். பன்னிரண்டு அடியில் எட்டாவது அடி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து அடுக்குக் கேக் நின்றுகொண்டிருந்தது.

"என்ன முழிக்கிற? இங்க எங்கயாவது தேடேன்" என்றாள் எலோய்சா.

"இங்க இல்ல, அங்கதான் இருக்கும்னு தோணுது."

"எங்க, கேக்குக்குள்ளயா?"

நிகானோர் அசடு வழியப் பந்தலை நோக்கி நடந்தார். விழாவை நடத்திக்கொண்டிருந்தவள் பிறந்தநாள் பெண்ணின் அத்தை லெயோகாதியா. ஆள் மலை மாதிரி, கையில் விசிறி, நிமிஷத்துக்கு ஒரு தடவை வானத்தைப் பார்வை. அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நம்மாள் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"அம்மா, இந்தப் புல்லுக்கு அடியில பழைய கரண்டு கம்பி போகுது. சின்னப் பிள்ளைங்க ஓடியாடற இடம். ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடறேன்."

"அய்யோ, ஏசுவே! நல்லா பாருங்க ஐயா! ஒரு இடம் விடாம பாருங்க!" என்று லெயோகாதியா பிள்ளைகளையெல்லாம் ஓரம் கட்டினாள்.

மெஷினைத் தரையில் வைத்ததும் அது கதறியது. நிகானோர் மண்டியிட்டுத் தோண்டினார். மண்ணுக்குள் முனை கீழாகக் குத்தி, பிடிவரைக்கும் புதைத்த ஒரு சமையலறைக் கத்தி.

அதை எடுத்துக் கேக் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி ஆட்டினார். மறுபடி கதறல். இன்னொரு கத்தி, வெண்ணெய் தடவுகிற சின்னக் கத்தி. அடுத்தது எலும்பு வெட்டுகிற பெரிய வெட்டுக்கத்தி.

ஹலாப்பாவில் பிறந்து வளர்ந்த எந்த மனுஷனுக்கும், விழா நடக்கும் புல்வெளியில் முதல் கத்தியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்திருக்கும். நிகானோர் இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவர். அவருடைய கல்யாணத்துக்கே அவர் அம்மா பதினோரு கத்தி குத்தி வைத்தவள். ஆனால் மோதிரம் மோதிரம் என்று அடித்துக்கொண்ட மண்டையில் வேறு எதுவும் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற சமையல்காரப் பெண்ணிடம் அக்கறையாக வேறு சொன்னார்: "பாருங்க, யாரோ எவ்வளவு அஜாக்கிரதையா போட்டுட்டுப் போயிருக்காங்க. பிள்ளைங்க கால்ல குத்தினா என்ன ஆகறது?"

சட்டைப் பையில் போன் அடித்தது. ரொசெந்தோ.

"எடுத்துட்டீங்களாண்ணே?"

"எடுத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"அண்ணே, மிர்த்தா அவங்கம்மாவோட சண்டை போட்டுக்கிட்டு முன்னாடி பஸ்லயே ஏறிட்டா. மூணு மணிக்கே வந்துருவா!"

நிகானோர் வேகத்தைக் கூட்டினார். ஆறாவது கத்தியை எடுத்து மேசையில் வைத்தபோது, கேக்கின் மேல் அடுக்கில் பந்தல் துணி வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

லெயோகாதியா வானத்தைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். ஆறு கத்திகளும் அளவு வாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"யோவ்! எவன்யா என் கத்தியப் புடுங்கினது?"

"அம்மா, நான் வந்து..."

"மழை வரக் கூடாதுன்னு ஆறு வீட்டுல கடன் வாங்கி, காலைல வந்து குத்தி வெச்சிருக்கேன்! நீ வெளியூரா? உங்க ஊர்ல மழைக்குக் கத்தி குத்த மாட்டாங்களா?"

"இல்லம்மா, நான் இந்த ஊர்தான்..."

"உள்ளூர்க்காரனா இருந்துக்கிட்டா புடுங்கின?"

தூறல் விழ ஆரம்பித்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் எக்காளத்தை உறைக்குள் போட்டார்கள். பிறந்தநாள் பெண் ரோஜா நிறக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நிகானோருக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. அவசர அவசரமாக ஒரு கத்தியை எடுத்துத் திரும்பக் குத்தப் போனார்.

"கைய எடு!" என்று அதட்டினாள் லெயோகாதியா. "நாலு கழுதை வயசாச்சு, இது தெரியாதா? கன்னிப் பொண்ணு கையால குத்தினாத்தான் மழை நிக்கும். காலைல எங்க இட்ஸெல்தான் குத்தினா. இப்ப அந்தக் கவுனோட அவ எப்படி மண்டி போடுவா? உன்னால வந்தது, நீயே ஒரு ஆளக் கொண்டா!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு எலோய்சா முன்னே வந்தாள். கணவன் எவ்வளவு அசடாக இருந்தாலும் நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை அவள்.

"எங்க அக்கா இருக்கா!" என்றாள் பெருமையாக. "ஐம்பத்தொரு வயசு, கல்யாணமே பண்ணிக்கல. கோயில் பாட்டுக் குழுவுல இருபது வருஷமா பாடறா. இவள விட சுத்தமான கை இந்த ஊர்ல கிடையாது. அக்கா, வா!"

கசில்தா வரவில்லை.

"எனக்கு முழங்கால் வலி" என்றாள்.

"ஒரு கத்திதான அக்கா?"

"ஈரத்துல உக்காந்தா எனக்கு ஒத்துக்காது."

"அம்மா, அந்தப் பிள்ளை அழறதப் பாருங்க!" என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். கசில்தாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, கீழே நாற்காலி மெத்தை போட்டு மண்டியிட வைத்தார்கள். அவள் வெட்டுக்கத்தியை வாங்கினாள். கண்ணை மூடினாள். குத்தினாள்.

இடி இடித்தது. அதற்கப்புறம் கொட்டியதை மழை என்று சொல்லக் கூடாது, வானம் வாளியைக் கவிழ்த்துவிட்டது.

கூட்டம் மழையை மறந்து கசில்தாவையே பார்த்தது.

"இதெல்லாம் மூடநம்பிக்கை!" என்றாள் கசில்தா எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு. சனிக்கிழமைதோறும் வீட்டு மூலைகளில் தீர்த்தம் தெளிக்கிறவள் அவள்.

"அக்கா?" என்றாள் எலோய்சா.

"என்னடி அக்கா? ஓடு, நனையாத!"

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எலோய்சாவின் பார்வை தன்னைவிட்டு அக்காமேல் போனதில் நிகானோருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்தச் சந்தடியில் இன்னும் நாலு இடத்தில் மெஷினை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டாவது அடி என்று மனதுக்குப் பட்ட இடத்தில் சேறுதான் இருந்தது. எல்லோரும் ஓடி ஏறிவிட்ட இசை மண்டபத்துக்குள் கடைசி ஆளாக அவரும் சொட்டச் சொட்ட ஏறினார்.

மண்டபத்தில் பிறந்தநாள் வீட்டார் ஒரு பக்கம். மறுபக்கம், ஒன்றரை மணிக் கூட்டத்துக்கு வந்து மழையில் மாட்டிக்கொண்ட தங்க வேட்டை நண்பர்கள் ஏழு பேர், மஞ்சள் தொப்பியோடு. நடுவில் ரப்பர் பூட்ஸ் போட்ட இஞ்சினியர் ஒரோபேசா. அவர்களுக்கெல்லாம் நடுவே சேறும் சகதியுமாக நின்ற நிகானோரின் பையில் போன் மறுபடி அடித்தது. ஈர விரலால் எதை அமுக்கினாரோ, ரொசெந்தோவின் குரல் மண்டபம் முழுக்க ஒலித்தது.

"அண்ணே! மிர்த்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டா! என் மோதிரம் எங்கண்ணே? நேத்து அவ்வளவு தூரம் சொன்னீங்களே, நான் புதைச்சத நானே எடுக்க மாட்டேனான்னு! புதைச்ச இடம் மறந்துடுச்சா? அண்ணிய ஏமாத்தறதுக்கு என் குடும்பத்தக் கெடுத்துட்டீங்களே!"

நிகானோர் போனை எங்கெங்கோ அமுக்கினார். கடைசியில் அது அணைந்தது.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் பேந்தப் பேந்த விழித்தார்.

முதலில் பேசியது இஞ்சினியர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உகால்தே, இருபத்திரண்டு வருஷமா இந்தச் சங்கத்த நான் நடத்தறேன். ஒரு களங்கம் கிடையாது. இந்த மெஷின் விளையாட்டு இல்ல. இது மண்ணுக்கும் மனுஷனுக்கும் நடுவுல இருக்கற நேர்மை. அதுல போய் கடன் வாங்கின மோதிரத்தப் புதைக்கிறதா? பொஞ்சாதிய ஏமாத்தறதா? ச்சே! தொப்பியக் கழட்டுங்க."

மற்ற ஆறு பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் "அவமானம்" என்றார். இன்னொருவர் நிகானோரின் முகத்தைப் பார்க்கவே கூசுகிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிகானோர் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். தொப்பிக்குள்ளிருந்து மழைத் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. எலோய்சா திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"எட்டு மாசமா வெறுங்கையோட வந்த. நான் சிரிச்சேன். ஆனா ஒரு நாளும் எங்கிட்ட நீ பொய் சொன்னதில்லையேய்யா. டின் வளையத்தக் கொண்டுவந்து, டின் வளையம்னுதான சொன்ன? இவங்கள மாதிரி தங்கம் எடுக்கத் தெரியலேன்னா போகுது. இன்னிக்கு ஏன்யா இப்படி?"

"நீ போன வாரம் சிரிக்கலையே" என்றார் நிகானோர்.

எலோய்சாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும். லெயோகாதியாகூட விசிறியை நிறுத்திவிட்டு, மேசைத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான், தலையில் உர மூட்டையைக் கவிழ்த்துக்கொண்டு, தோட்டக்காரன் கிரிஸ்பின் படியேறி வந்தான். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. ரொசெந்தோவின் குரல் ரோஜாச் செடி வரைக்கும் கேட்டிருக்கிறது.

"மோதிரமா ஐயா? இதுக்கா இத்தனை ரகளை? காலைல என்னக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே." டப்பாவுக்குள் விரலை விட்டுத் துழாவி, ரொசெந்தோவின் மோதிரத்தை எடுத்துத் துடைத்து நிகானோரின் உள்ளங்கையில் வைத்தான். "இந்தம்மா கத்தி குத்த வந்தாங்கள்ல, அதான் முன்னாடியே புல்லக் கிளறி எடுத்து வெச்சேன்."

நிகானோர் அந்த மோதிரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டும் என்பது ஞாபகம் வந்தும் கால் நகரவில்லை.

"நல்ல காரியம் பண்ணினப்பா, கிரிஸ்பின்" என்றார் இஞ்சினியர், பெருந்தன்மையாக. "உன்ன மாதிரி நேர்மையான ஆளுங்க இருக்கறதாலதான் இந்தப் பூங்காவுக்கு இன்னும் ஒரு மரியாதை இருக்கு."

கிரிஸ்பினுக்கு முகம் மலர்ந்துவிட்டது. டப்பாவை மஞ்சள் தொப்பிக்காரர்கள் பக்கம் நீட்டினான்.

"மத்த ஆறு ஐயாமாரும் வரிசையா வந்து, அவங்கவங்க நேத்து புதைச்சத அடையாளம் பாத்து எடுத்துக்குங்க, இஞ்சினியர் ஐயா, உங்களோடத மட்டும் நான் தொடல, நீங்க எப்பவும் புதைக்கிற ரோஜாச் செடியடியிலேயே பத்திரமா விட்டு வெச்சிருக்கேன்."